ஒயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும்

என் ராசாவுக்கு,

போன கிழமை நீ போன் எடுத்தபோது நான் ஒழுங்காகக் கதைக்கவில்லை. "அப்பா, காருக்கு ஒயில் மாத்திற காலம் வந்திட்டுது. இந்தமுறை எங்கை மாத்துவம்?" என்று கேட்டாய். "உன்ரை வசதியைப் பார்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கிடந்து கருகுகிற மாதிரி அவசரமாகப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "பிள்ளையோடை ஏன் உப்பிடிக் கதைக்கிறியள்?" என்று கேட்டவள், அன்று முழுக்க எனக்கு முகம் கொடுக்கவில்லை. போனில் மனம் திறந்து கதைக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்தில் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதின கை இது. உனக்கு மட்டும் ஒன்றும் எழுதினதில்லை. அதனால் இதை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமாவில், தர்ஷினியின் அப்பாவில், பொறாமை. நல்ல மனிசன், ஒரு குறையும் சொல்ல இயலாது, அதுதான் இன்னும் மோசம். குறை சொல்லக்கூடிய ஆளென்றால் சொல்லிப்போட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கலியாணம் முடிந்து நீ தர்ஷினி வீட்டுக்கு, வல்வெட்டித்துறைக்குப் போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அதுதானே. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே போகவேண்டும். நானும் சாவகச்சேரியிலிருந்து ஒரு சூட்கேசோடு உன் அம்மாவின் இந்தக் கொக்குவில் வீட்டு வளவுக்கு வந்தவன்தான். நான் புறப்பட்ட அன்று என் ஐயா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலுக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?

ஆனால் நீ போனாலும் காரின் ஒயில் மட்டும் என்னோடுதான் என்று நினைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அதை எப்படிச் செய்வோம் என்று நீ மறந்திருக்கமாட்டாய். பனம்பலகை இரண்டையும் சாய்வாக வைத்து முன்சில்லுகளை ஏற்றி, பின்சில்லு உருளாமல் கல் அடைவைத்து, சாக்கை விரித்துக்கொண்டு கீழே போய்ப் படுப்போம். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பேன். ஆறின ஒயில் தடித்துப்போய்ச் சொட்டுச் சொட்டாக வடியும், அது வடிந்து முடியும்வரை ஆர் கிடக்கிறது என்று சத்தம் போடுவேன். நான் அடி நட்டைக் கழற்ற, நீ ஒயில் ஏந்துகிற பேசினைப் பிடிப்பாய். முதலில் ஒயில் தூரமாகப் பாயும். பிறகு சோர்ந்து கிட்டக் கிட்ட விழும். அதன் போக்குக்கு நீ பேசினை இழுத்துக்கொண்டு வருவாய். சூடாக இருந்தாலும் கடைசியாக வடிய நேரம் எடுக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை, எழும்பவும் முடியாது. இரண்டு பேரும் எஞ்சினின் அடியைப் பார்த்தபடி சும்மா கிடப்போம்.

உன் வாழ்க்கையின் பெரிய சேதிகள் எல்லாம் எனக்கு அங்கேதான் வந்தன. ஏ.எல். சோதனையை இன்னொருமுறை எடுக்க மனமில்லை, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொன்னது என்னுடைய பழைய காருக்குக் கீழே. அப்போது என் வாயில் பெரிய பேச்சு ஒன்று வந்தது, ஆனால் தலையைத் தூக்கினால் இரும்பில் முட்டும், அதனால் கிடந்தபடியே விழுங்கினேன். பிறகு நீ ஐஸ் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து, உழைத்த காசில் இந்தச் சின்னக் காரை வாங்கி, முதல் தரம் ஒயில் மாற்றக் கொண்டுவந்தாய். அன்றைக்குத்தான், "அப்பா, வல்வெட்டித்துறையிலை ஒரு பிள்ளை இருக்கு" என்றாய். "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டேன். பேசினைத்தான் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய். வீட்டுக்குள் கதிரையில் எதிரெதிரே இருக்கும்போது நீயும் நானும் மழையையும் மின்சாரப் பில்லையும் தாண்டிக் கதைத்ததில்லை. முகத்தைப் பார்த்தால் உனக்கும் வாய் வராது, எனக்கும் வராது. உன்னில் என்னைப் போல இருப்பது அது ஒன்றுதான், அதுவும் ஒரு கோதாரிக் குணம்.

அது ஊத்தை வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. முற்றத்துச் சீமெந்தில் அந்தக் கறுப்பு இன்னும் கிடக்கிறது. உடுத்துக்கொண்டு படுக்கிற சாரம் இரண்டும் எத்தனை சோப்புப் போட்டாலும் நிறம் திரும்பாது. பில்டரைக் கழற்றும்போது முழங்கைவரை ஒழுகும். அம்மாவுக்குச் சாரத்தைவிடக் கிணற்றைப் பற்றித்தான் பயம். "இந்த மண்ணிலை மேலை ஊத்திறது முழுக்கக் கீழை கிணத்துக்குத்தான் போகும். தண்ணியிலை ஒயில் மிதந்தால் ரெண்டு பேருக்கும் அதிலைதான் தேத்தண்ணி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அவள் சொன்னது சரி. நாங்கள் சிரித்துப்போட்டுக் கொஞ்சம் மரத்தூளைப் போட்டுக் கூட்டிவிடுவோம். சுத்தமாகச் செய்ய வழி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தேட மனமில்லை, அவ்வளவுதான்.

சித்திரை வருசத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்கு என் பையில் கதலிப்பழச் சீப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. பழைய சாரமும் ஸ்பானரும் இருந்தன. ஒயில் மாற்றுகிற காலம் என்று எனக்குக் கணக்குத் தெரியும், நீ வாய் திறந்து கேட்கட்டும் என்று வந்தேன். வந்து படலையைத் திறந்தால் உன் மாமா கார்ப் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளை வேட்டி. ஒயில் மாற்றுகிற ஆள் வெள்ளை வேட்டியோடு நிற்கிறதைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துவிட்டு, அந்தத் துவாரத்துக்குள்ளே மெல்லிய குழாய் ஒன்றை விட்டிருந்தார். குழாயின் மறுபக்கம் ஒரு கைப்பம்பு, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கானுக்குள்ளே பழைய ஒயில் சத்தமில்லாமல் இறங்குகிறது. ஒரு கையால் பம்பு அடித்தபடி மற்றக் கையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார், அதையும் பார்த்தேன்.

அவர் விளங்கப்படுத்தினார், நீயும் சேர்ந்து விளங்கப்படுத்தினாய். வள்ளத்தில் எஞ்சினுக்குக் கீழே ஆள் போக இடமில்லை, கை விடவும் இடமில்லை, அதனால் கடலோடிகள் எப்போதும் மேலாலேதான் ஒயிலை இழுப்பார்களாம். இவருக்கு இளமையில் கப்பலிலும் பிறகு சொந்த வள்ளத்திலும் அதே பழக்கமாம். பில்டரைக் கழற்ற முதல் அதைச் சுற்றி ஒரு சொப்பிங் பையை இழுத்துக் கட்டினார். கழன்றதும் பில்டரும் ஒழுகலும் பைக்குள்ளேயே போய்விட்டன. நிலத்தில் ஒரு பொட்டு இல்லை. பழைய ஒயில் கானை மூடி, கராச்சில் எடுக்கிற ஆளுக்கென்று ஒரு மூலையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாராட்டவேண்டிய இடம். "அடியிலை கிடக்கிற மண்டி உந்தக் குழாய்க்கு வராது" என்று மட்டும் சொன்னேன்.

"அடி முட்டுமட்டும் விட்டுத்தான் இழுத்தனான், சம்மந்தி. நீங்கள் இன்னும் கீழை படுத்தோ மாத்திறியள்?"

நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். ஆனால் நீ சிரித்தாய். "அப்பாவும் நானும் ஒயிலிலை குளிச்சுப்போட்டுத்தான் வெளியிலை வருவம், மாமா" என்றாய். பகிடிக்குத்தான் சொன்னாய், தெரியும். பிள்ளை சிரித்ததற்குக் கோபிக்கிற வயதா எனக்கு? கோபித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் முழு வழியும் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன். பையில் ஸ்பானர் சில்லென்று கிடந்தது.

அடுத்த கிழமை நீயும் தர்ஷினியும் கொழும்புக்கு ரயில் எடுக்க வந்து, ஸ்ரேசன் பக்கம் என்பதால் காரை எங்கள் வளவில் விட்டுவிட்டுப் போனீர்கள். "வேலை அலுவல் ஒண்டு" என்றாய். நான் துருவிக் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு, அம்மா பெரியம்மாவோடு கீரிமலைக்குத் திவசத்துக்குப் போய்விட்டாள். நானும் காரும் தனியே. இதுதான் உனக்குத் தெரியாத கதை. உன் மாமாவின் குழாய் மண்டியை எடுத்திருக்காது என்று எனக்கு ஒரு பிடிவாதம். அடி நட்டைக் கழற்றி, ஒயிலைச் சுத்தமான பேசினில் ஏந்தி, அடியில் ஊத்தை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, துணியால் வடித்துத் திரும்ப ஊற்றிவிடலாம் என்பது திட்டம். ஊத்தை இருந்தால் ஒரு போத்தலில் போட்டு வைத்து உனக்குக் காட்டுவேன். போத்தலைக்கூடக் கழுவிக் காயவைத்துவிட்டேன். பொறாமை பிடித்தவனுக்கு அன்று முழுக்கச் சுறுசுறுப்புக்குக் குறைவில்லை.

எஞ்சினைச் சூடாக்கிப் பலகையில் ஏற்றிக் கீழே போய்ப் படுத்தேன். நட்டைக் கழற்றினேன். கழற்றின பிறகுதான் பக்கத்தில் பேசின் பிடிக்க ஆள் இல்லை என்பது உறைத்தது. புது ஒயில் தண்ணீராகப் பாய்ந்தது, பேசினைத் தாண்டிப் போய் விழுந்தது. இடக்கையால் பேசினை இழுக்க நட்டு நழுவி அதற்குள்ளே விழுந்தது. அதை எடுக்கப்போய்ப் பேசினையே கவிழ்த்துவிட்டேன். கழுத்து, நெஞ்சு, சாரம், சாக்கு, எல்லாம் ஒயில். மிச்சம் சீமெந்தின் சரிவால் கிணற்றடிப் பக்கம் ஓடியது. எழும்பி ஓடி, கிடந்த மரத்தூள், சாம்பல், மண் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டி அணை கட்டினேன். கிணற்றுக்கட்டுக்குக் கிட்ட வந்து நின்றது. நின்ற பிறகு திரும்பவும் கீழே போய், விரலை விட்டு அடியைத் துடைத்துப் பார்த்தேன். மண்டி இல்லை. விரல் தேன் நிறத்தில் வந்தது. உன் மாமா ஒரு பிழையும் விடவில்லை, ராசா. முற்றம் நாசமானதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்போதுதான் மற்றது நினைவு வந்தது. நீ விடிய ரயிலில் வந்து இறங்கி, காரை எடுத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறதாகச் சொல்லியிருந்தாய். ஒயில் இல்லாத எஞ்சினை ஸ்ராட் பண்ணினால் அதோடு அது முடிந்தது. கொட்டினது முழுக்க மண்ணோடு கலந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம், தெரிந்த கடைகள் எல்லாம் பூட்டு. எந்த ஒயில் விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. உலகத்திலேயே ஒரே ஒரு ஆளிடம்தான் கேட்கமுடியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் கனநேரம் இருந்தேன். கடைசியில் எடுத்து, கொட்டினதைச் சொன்னேன். ஏன் கழற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "வாறன், சம்மந்தி. ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளில் ஒரு முழு ஒயில் கானும் ஒரு மூட்டை மரத்தூளும் கட்டிக்கொண்டு வந்தார். கான் அடுத்தமுறைக்கென்று வாங்கி வைத்ததாம். அடுத்தமுறையும் தன் வீட்டில்தான் என்று மனிசன் முடிவெடுத்துவிட்டார் என்று அந்த நேரத்திலும் எனக்கு மூக்கில் வியர்த்தது. நட்டுக்குப் புது வோசர் போடவேண்டும், அதற்குக் கீழே போகத்தான் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் ஒயில் சாக்கில் வந்து படுத்தார். நானும் பக்கத்தில் படுத்து லைட் பிடித்தேன். நீ படுக்கிற பக்கம் அவர் கிடந்தார். நட்டை இறுக்கி முடித்துவிட்டு உடனே எழும்பாமல், மேலே எஞ்சினைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார். அந்த இடத்தில் என்ன வசியம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

"கொழும்பு அலுவல் சரிவந்தால் மார்கழியிலை கப்பலேறிடுவான். எஞ்சின் அறை வேலை, நல்ல கம்பனி. முதல் தரம் ஒன்பது மாசம். உங்களுக்குச் சொல்லியிருப்பான்தானே?"

"ஓம், சொன்னவன்" என்றேன்.

அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று நீ கேட்காதே. என் பிள்ளை கப்பலுக்குப் போகிற சேதி, என் வளவில், என் பிள்ளையின் காருக்குக் கீழே, நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிற இடத்தில், இன்னொரு மனிசனின் வாயால் எனக்கு வந்தது. எனக்குத் தெரியாது என்று அவருக்குக் காட்ட என்னால் முடியவில்லை. கை உளைகிறது என்று சொல்லி லைட்டை மற்றக் கைக்கு மாற்றினேன். பிறகு இரண்டு பேருமாக முற்றத்தைத் தூளால் ஒற்றியெடுத்துக் கூட்டினோம். நான் கேட்காமலே, "இதைப் பொடியனுக்குச் சொல்லத் தேவையில்லை" என்றார். இன்றுவரை சொல்லவில்லை என்று நீ கதைக்கிற கதையில் தெரிகிறது. வாயைக் காக்கவும் தெரிந்த மனிசன். நான் எந்தப் பக்கத்தால் போய் அவரில் குறை பிடிக்கிறது, சொல்லு பார்ப்போம்.

விடிய நீ வந்தாய். தேத்தண்ணி குடித்தாய். முற்றம் புதிதாகக் கழுவிக் கிடந்ததை நீ கவனிக்கவில்லை. "அலுவல் சரிவந்ததோ?" என்று கேட்டேன். "பறவாயில்லை" என்றாய். பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்தாய், கதிரையில் இருந்தாய், மழையைப் பற்றிக் கதைத்தோம். இந்தமுறை சொல்லுவாய், இந்தமுறை சொல்லுவாய் என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை, நீ சொல்லவேண்டிய சேதியை நான் சொல்லக்கூடாது என்று. நீ போன பிறகு ஒவ்வொரு முறையும் எனக்கு உன் மாமாவில்தான் ஆத்திரம் வந்தது. அவருக்கு முதலில் சொன்னாய், எனக்குச் சொல்லவேயில்லை. இதே நினைப்பில் மாதங்கள் போய்விட்டன.

போன கிழமை போனை வைத்த பிறகு, அன்று படுக்கப்போகிற நேரம்தான் எனக்கு வெளித்தது. பம்பு உன் மாமா வீட்டில் இருக்கிறது. உனக்கு அதை அடிக்கவும் தெரியும். ஒரு தேத்தண்ணி நேரத்து வேலை. அப்படியிருக்க, எங்கே மாற்றுவோம் என்று நீ ஏன் எனக்குப் போன் எடுத்துக் கேட்டாய்? மாமாவுக்கு நீ நின்றபடியே சொல்லுவாய், எனக்குச் சொல்ல உனக்குக் காருக்குக் கீழே படுக்கவேண்டும். உனக்கு அந்த இடத்தை ஒருத்தரும் தரவில்லை, நானும் தரவில்லை. அதைத்தானே போனில் கேட்டாய்? விசரன் நான், உன்ரை வசதியைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

சரி, இனிக் கேள். சனிக்கிழமை பின்னேரம் வா, தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வா, இரவு இங்கே நில்லுங்கள். பம்பைக் கொண்டு வராதே, மாமாவையும் கூட்டி வராதே. அவரோடு எனக்கு இப்போது சரிதான், ஆனால் அன்றைக்கு வேண்டாம். வேலையைச் சுத்தமாகச் செய்வோம், அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். குளிரூட்டி வந்த பெரிய மட்டைப் பெட்டியை வெட்டி விரித்து வைத்திருக்கிறேன், சாக்கு வேண்டாம். பேசினை எறிந்துவிட்டேன். பழைய இருபது லீற்றர் கானைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை வெட்டியெடுத்தேன், அகலம் கூட, விளிம்பும் உயரம், எவ்வளவு தூரம் பாய்ந்தாலும் அதற்குள்ளேதான் விழும். அதன் வாயாலேயே ஒரு புனல் வைத்துப் போத்தலுக்கு ஊற்றலாம். ரப்பர்க் கையுறை இரண்டு சோடி, புது வோசர், பில்டருக்குக் கட்டச் சொப்பிங் பை. பை யோசனை உன் மாமாவுடையது, களவெடுத்துவிட்டேன். கிணற்றுப் பக்கம் தூளால் வரம்பு போட்டாயிற்று. ஒரு சொட்டுக் கீழே போகாது. ஆனால் இரண்டு பேர் படுக்கத்தான் வேண்டும், அதற்குமட்டும் நான் வேறு வழி தேடவில்லை.

மார்கழிக்குப் பிறகு ஒன்பது மாதம் நீ எந்தக் கடலில் எந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பாயோ, அதையெல்லாம் உன் மாமாவுக்குத்தான் விளங்கும். அவர் கேட்கிற கேள்விகூட எனக்குக் கேட்கத் தெரியாது. அந்தப் பொறாமை போகாது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நீ போகிறாய் என்பதை எனக்கு நீதான் சொல்லவேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்த மாதிரிக் காட்டாதே. நான் எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், உன் பக்கம் திரும்பமாட்டேன். முதலிலிருந்து சொல்லு, தெரியாதவன் மாதிரியே கேட்பேன்.

வந்ததும் வராததுமாக வேலையைத் தொடங்குவோம் என்று நிற்காதே. காரை இரவு அப்படியே விடுவோம். விடிய எஞ்சின் நன்றாக ஆறிக் கிடக்கும். ஆறின ஒயில் மெல்லத்தான் வடியும்.

பலகை இரண்டையும் கழுவி வைத்திருக்கும்,
அப்பா